மண்ணைத் துவைத்த அண்ணி

மார்ச் 3

நாத்தனாருக்கு,

நலம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை. நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

இன்று காலை பத்தரை மணிக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திலிருந்து இரண்டு பேர் வந்து நம் சலவைக்கூடத்தின் கதவில் நோட்டீஸ் ஒட்டினார்கள். பின்கட்டில் புதைத்திருக்கும் கறைநீக்கி எண்ணெய்த் தொட்டி கசிந்து, மேற்கே இருக்கும் தையல்காரர் வீட்டுக் கிணற்றில் கலந்துவிட்டதாம். மே பதினைந்துக்குள் அந்தத் தண்ணீர் தேறாவிட்டால் உரிமம் ரத்து. அதுவரை ஒரு கைக்குட்டைகூடத் துவைக்கக் கூடாது. புகார் கொடுத்தது யார் என்று கேட்டேன். உன் பெயரைச் சொன்னார்கள்.

போன மாதம் ஒரு வாரம் இங்கே இருந்தாய். கிளம்பும்போது தையல்காரர் வீட்டுக்குப் போய்விட்டு வருகிறேன் என்றாய். ரவிக்கை அளவு கொடுக்கப் போகிறாய் என்று நினைத்தேன். பாட்டிலில் தண்ணீர் மொண்டு பையில் வைத்துக்கொண்டு போயிருக்கிறாய். கூடவே இருந்து குழி பறிப்பது என்பார்களே, அதை நீ ஆய்வகத்துப் படிப்பெல்லாம் படித்துவிட்டுச் செய்திருக்கிறாய்.

உன் அண்ணனிடம் கேட்டால், "அவ சொன்னதுலயும் நியாயம் இருக்கு, நீ சொல்றதுலயும் நியாயம் இருக்கு" என்கிறார். கழுவுகிற மீனில் நழுவுகிற மீன் அவர். கல்யாணமாகி இருபது வருஷமாக இதே பதில்தான்.

ஒன்று தெரிந்துகொள். தொட்டி கசிகிறது என்று நோட்டீஸைப் பார்த்துத்தான் எனக்கே தெரியும், உடனே காலி செய்துவிட்டேன். சும்மாவும் இருக்கவில்லை. தொட்டிக்கும் தையல்காரர் கிணற்றுக்கும் நடுவில் இருக்கிற மண்ணில் நாலு டிரம் சோப்புத் திரவத்தைக் கரைத்து ஊற்றி, குழாயைத் திறந்துவிட்டு அலசியிருக்கிறேன். எண்ணெய்க் கறையை எப்படி எடுப்பது என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

ஃபோன் பண்ணாதே. உன் குரலைக் கேட்டால் கத்திவிடுவேன். சொல்ல வேண்டியதை எழுது. நாளைக்கு வாரியத்தில் காட்ட என் கையில் காகிதம் இருக்கட்டும்.

அண்ணி


மார்ச் 8

அன்புள்ள அண்ணிக்கு,

முதலில் ஒரு வேண்டுகோள். இனி ஒரு சொட்டு சோப்புகூட அந்த மண்ணில் ஊற்றாதீர்கள். இதைப் படித்தவுடன் எழுந்து போய்க் குழாயை மூடிவிட்டு வந்து மீதியைப் படியுங்கள்.

உங்களிடம் சொல்லாமல் செய்தது தப்பு. மன்னிப்புக் கேட்கிறேன். புகார் கொடுத்தது தப்பில்லை, அதற்குக் கேட்கமாட்டேன். அந்தத் தண்ணீரில் இருந்த எண்ணெய் அனுமதித்த அளவைப் போலப் பன்னிரண்டு மடங்கு. தண்ணீரில் வாடை வருகிறது என்று என்னிடம் சொன்ன தையல்காரர் மனைவிக்கு ஆறாம் மாதம். முதலில் உங்களுக்குத்தான் ஃபோன் செய்யக் கையில் எடுத்தேன். நீங்கள் "ஒரு வாரம் பொறு, நான் பாத்துக்கிறேன்" என்பீர்கள், நானும் சரி என்றுவிடுவேன் என்று தெரியும். அந்தப் பயத்தில்தான் ஃபோனை வைத்துவிட்டேன்.

இப்போது சோப்பு. ஒவ்வொரு சோப்புத் துகளுக்கும் ஒரு தலை, ஒரு வால். தலைக்குத் தண்ணீர் பிடிக்கும். வாலுக்கு எண்ணெய்தான் பிடிக்கும், தண்ணீர் என்றால் ஆகாது. தண்ணீரில் சோப்பு ஓர் அளவைத் தாண்டினால் வால்கள் எல்லாம் உள்ளே திரும்பி ஒண்டிக்கொள்ளும். தலைகள் வெளியே நிற்கும். கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன உருண்டைகள் ஆகிவிடும். எண்ணெய் அந்த உருண்டைக்குள் ஏறி உட்கார்ந்து, தண்ணீர் போகிற இடத்துக்கெல்லாம் கூடவே போகும். துணியில் இதுதான் உங்களுக்கு வேண்டும். அழுக்குத் தண்ணீர் சாக்கடைக்குப் போய்விடும்.

மண்ணில் சாக்கடை ஏது அண்ணி? தானாக மண்ணில் ஒட்டிக்கொண்டு மெல்ல மெல்லக் கசிந்ததை நீங்கள் நாலு டிரம் சோப்பில் ஏற்றி, தையல்காரர் கிணற்றுக்கு வழியனுப்பி வைத்திருக்கிறீர்கள்.

உதவுகிறேன். தையல்காரர் கிணறு, கிழக்கே செடி விற்கும் அம்மாவின் கிணறு, இரண்டிலிருந்தும் தண்ணீரும், இரண்டு பக்கத்து மண்ணும் அனுப்புங்கள். கண்ணாடி பாட்டிலில்தான் எடுக்க வேண்டும். பிளாஸ்டிக் என்றால் எண்ணெய் அதன் சுவரிலேயே ஒட்டிக்கொண்டு எனக்குப் பொய்க் கணக்குக் காட்டும்.

உங்கள் நாத்தனார்


மார்ச் 16

நாத்தனாருக்கு,

குழாயை மூடிவிட்டேன். பாட்டில்களும் மண்ணும் பார்சலில் வருகின்றன. மேலே பேர் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டுத் தையல்காரர் வீட்டுக்குப் போனேன். முன்பு மூக்கை உள்ளே விட்டு மோந்தால்தான் வாடை தெரியும். இப்போது கிணற்றடிக்குப் போனாலே தெரிகிறது. வாளியில் மொண்டால் நுரை. என் சோப்பு நுரை. இருபது வருஷமாகப் பார்க்கிற நுரை எனக்குத் தெரியாதா?

தையல்காரர் என்னைப் பார்த்து, "நல்லதுதான் பண்ண வந்தீங்க, தெரியும். ஆனா கொஞ்ச நாளைக்கு இங்க வராதீங்க" என்றார். திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டிவிட்டு வந்திருப்பேன். அவர் மிஷினைப் பார்த்துக்கொண்டே அமைதியாகச் சொன்னார். அதைத்தான் தாங்க முடியவில்லை.

அவர்கள் வீட்டுக்குத் தினமும் காலையில் எட்டுக் கேன் நல்ல தண்ணீர் நான்தான் கொண்டுபோய் வாசலில் வைக்கிறேன். உன் அண்ணன் தூக்குகிறேன் என்றார். வேண்டாம் என்றுவிட்டேன். ஊற்றியது நான்.

உன் மேல் இருக்கிற கோபம் அப்படியேதான் இருக்கிறது. அதோடு இப்போது என் மேலும் கோபம். இரண்டையும் சுமந்துகொண்டு எட்டுக் கேனையும் தூக்குகிறேன்.

அண்ணி


மார்ச் 28

அன்புள்ள அண்ணிக்கு,

ஒரு விசித்திரம். மூன்று நாளாக எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

தையல்காரர் கிணறு தொட்டியிலிருந்து நாற்பது அடி. இப்போது முப்பது மடங்கு. இதை எதிர்பார்த்தேன். செடி விற்கும் அம்மாவின் கிணறு தொட்டியிலிருந்து இருபதே அடி. அதில் எண்ணெய் இல்லை. சுத்தமாக இல்லை. கருவியை மூன்று தடவை கழுவிவிட்டுப் பார்த்தேன்.

அந்தப் பக்கம் நீங்கள் சோப்பு ஊற்றவில்லை, அதனால் என்று முதலில் நினைத்தேன். ஆனால் சோப்பு ஊற்றுவதற்கு முன்பே, பிப்ரவரியிலேயே, தையல்காரர் கிணற்றில் எண்ணெய் இருந்தது. தானாக நாற்பது அடி போனது, இருபது அடி போகாதா? தொட்டி நடுவில் இருக்கிறது, நிலம் மட்டமாக இருக்கிறது. மேற்கே போனதற்குக் கிழக்கே போக என்ன தடை?

தயங்கித்தான் கேட்கிறேன். பாட்டில் ஏதாவது மாறிப் போயிருக்குமா? இல்லை, அந்த ஒரு பாட்டில் மட்டும் குழாயில் பிடித்ததா? கோபித்துக்கொள்ளாதீர்கள். ஆய்வகத்தில் இந்தக் கேள்வியைத்தான் முதலில் கேட்போம்.

உங்கள் நாத்தனார்


ஏப்ரல் 4

ஆய்வக அம்மாவுக்கு,

குழாயில் பிடித்தேனா?

இருபது வருஷமாக ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்பு துவைக்கிறேன். எந்த வார்டு விரிப்பு எந்த மூட்டை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். இரண்டு பாட்டிலை மாற்றிவைக்கிற கை இல்லை இது.

உனக்காக மறுபடியும் எடுத்தேன். இந்தத் தடவை சாட்சியோடு. வாரியத்து அதிகாரியைக் கூப்பிட்டேன், வந்தார். தையல்காரரையும் கூப்பிட்டேன். வரமாட்டார் என்று நினைத்தேன், அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டே வந்துவிட்டார். இரண்டு பேரும் மூடி மேல் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். இனி சந்தேகம் வந்தால் அவர்களைக் கேள்.

செடி விற்கும் அம்மாவுக்கு நல்ல காலம், அவ்வளவுதான். அந்த அம்மாவுக்கும் எனக்கும்தான் ஆகாது. கடைசி அலசல் தண்ணீர் ஓடுகிற வாய்க்கால் அவள் வேலியோரமாகப் போகிறது என்று பத்து வருஷமாகச் சண்டை. சோப்புத் தண்ணீரெல்லாம் குழாய் வழியாகத் தெருச் சாக்கடைக்குப் போய்விடும். கடைசி அலசல் மட்டும் அந்த மண் வாய்க்காலில் விடுவேன். அதில் சோப்பே இருக்காது. நோயாளிகளுக்கு உடம்பில் உறுத்தக் கூடாது என்று விரிப்புக்குப் போடுகிற மென்மைத் திரவம் மட்டும் கொஞ்சம் இருக்கும். அந்த மண்ணை மிதித்தால் வழுக்குகிறது என்று அவள் தினமும் ஒரு பாட்டுப் பாடுவாள். வழுக்குகிற மண்தான் அவளுடைய கிணற்றைக் காப்பாற்றியதோ என்னவோ, போ.

அண்ணி


ஏப்ரல் 10

என் தங்கமான அண்ணிக்கு,

உங்கள் கடைசி வரியைக் கோபத்தில் எழுதினீர்கள். அதுதான் விடை.

படித்ததும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். பக்கத்து மேஜைக்காரர் வீட்டில் ஏதும் துக்கச் செய்தியா என்று கேட்டார். "எங்க அண்ணி கண்டுபிடிச்சிட்டாங்க" என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

கேளுங்கள். களிமண் துகளின் மேற்பரப்பில் எதிர்மின்சாரம் உண்டு. உங்கள் சோப்பின் தலையிலும் எதிர்மின்சாரம்தான். அதனால் மண் அதைக் கிட்டே சேர்க்காது, அது தண்ணீரோடு சுற்றும். மென்மைத் திரவமும் சோப்புக்குத் தாயாதிதான். தலையும் வாலும் உண்டு. ஆனால் அதன் தலையில் நேர்மின்சாரம். மண்ணைக் கண்டால் தலையை வைத்து அப்பிக்கொள்ளும். விரிப்பு நூலில் ஒட்டி அதை மெத்தென்று ஆக்குவதும் இப்படித்தான். தலை மண்ணில் ஒட்டினால் வால் வெளியே நிற்கும். அந்த வால்களின் மேல் இன்னொரு வரிசை வந்து வாலோடு வால் கோத்துப் படுக்கும். ஆக மண் துகளின் மேல் இரட்டைப் படுக்கை. நடுவில் முழுக்க வால். எண்ணெய்க்கு அதைவிடச் சொகுசான இடம் கிடையாது. உள்ளே நுழைந்தால் வெளியே வர மனசு வராது.

பத்து வருஷமாக நீங்கள் தினமும் அந்த வாய்க்கால் மண்ணுக்குப் படுக்கை விரித்திருக்கிறீர்கள். கசிந்த எண்ணெய் அங்கேயே தங்கிவிட்டது. கிணறு தப்பித்தது.

சாட்சிக் கையெழுத்தோடு வந்த கிழக்குக் கிணற்றுப் பாட்டிலிலும் எண்ணெய் இல்லை. சும்மா பேசவில்லை, செய்து பார்த்தேன். நீங்கள் அனுப்பிய மண்ணை இரண்டு கண்ணாடிக் குழாயில் அடைத்து, மேலே எண்ணெய் கலந்த தண்ணீரை விட்டேன். மேற்கு மண்ணில் அரை மணி நேரத்தில் கீழே எண்ணெய் வந்துவிட்டது. கிழக்கு மண்ணில் மூன்று நாளாக விடுகிறேன், வரவில்லை. பகல் முழுக்க அந்தக் குழாய்க்கு எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறேன்.

இனி திட்டம். தொட்டிக்கும் தையல்காரர் கிணற்றுக்கும் நடுவே பாறை வரைக்கும் குறுகலாக ஒரு பள்ளம் வெட்டி, மென்மைத் திரவம் ஏற்றிய களிமண்ணால் நிரப்ப வேண்டும். தண்ணீர் அதன் வழியாகத்தான் போகும், எண்ணெய் மட்டும் மாட்டிக்கொள்ளும். நீங்கள் ஊற்றிய சோப்பு பெரும்பாலும் கிணற்றுக்கே போய்விட்டது; அதையும் அங்கே இருக்கிற எண்ணெயையும் வாரியத்தைக் கொண்டு இறைத்து எடுக்கச் சொல்லுங்கள். என் கணக்குப்படி நூறு கிலோ களிமண்ணுக்கு ஆறு லிட்டர் திரவம். மே பதினைந்துக்கு இன்னும் ஐந்து வாரம்தான் இருக்கிறது. அனுமதிக்கு என் ஆய்வக அறிக்கையை இதோடு வைத்திருக்கிறேன்.

கிழக்கு வாய்க்கால் பக்கம் சோப்பைக் காட்டவே காட்டாதீர்கள். சோப்பு போய் அந்தப் படுக்கையைக் கிளப்பிவிடும்.

உங்கள் நாத்தனார்


ஏப்ரல் 22

நாத்தனாருக்கு,

உன் கடிதத்தை உன் அண்ணன் உரக்கப் படித்தார். தாயாதி என்ற இடத்தில் சிரித்துவிட்டேன். சிரித்ததை உனக்கு எழுதக் கூடாது என்று நினைத்தேன், எழுதிவிட்டேன்.

அறிக்கையை எடுத்துக்கொண்டு வாரியத்துக்குப் போனேன். அதிகாரி படித்துவிட்டு, "இத்தனை டன் களிமண்ணையும் திரவத்தையும் எதுல போட்டுக் கலக்கப் போறீங்க?" என்றார். கூடத்தில் மூன்று பெரிய சலவை டிரம் சும்மா நிற்கிறது என்றேன். "கூடத்தைத்தான் மூடியாச்சே" என்றார். நோட்டீஸை எடுத்து மேஜை மேல் விரித்தேன். "துணி துவைக்கக் கூடாதுன்னுதான் சார் போட்டிருக்கு. மண்ணைத் துவைக்கக் கூடாதுன்னு எந்த வரியில இருக்கு, காட்டுங்க." அவர் இரண்டு தடவை படித்தார். பிறகு அனுமதியில் கையெழுத்துப் போட்டார்.

ஆக, இந்த ஒரு வாரமாக நான் மண்ணைத் துவைக்கிறேன். ஊரே வேடிக்கை பார்க்கிறது. உன் அண்ணன் கை வண்டியில் தள்ளிக்கொண்டு வருவார், நான் டிரம்மில் கொட்டுவேன். பழைய டிரம் முதல் நாள் முனகியது, இப்போது பழகிவிட்டது. பள்ளம் வெட்டியாயிற்று. பதினோரு அடியில் பாறை.

இப்போது நீ கோபப்படப் போகிற இடம். ஆறு லிட்டர் போடச் சொன்னாய். முதல் டிரம்முக்கு அப்படித்தான் போட்டேன். மண்ணை வெளியே எடுத்து, தெளிந்த தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக் குலுக்கினேன். நுரை நின்றது. அலசல் தண்ணீரில் நுரை நின்றால் மருந்து மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம், இது எங்கள் பிழைப்பில் பாலபாடம். மண் பிடித்துக்கொண்டது போக மீதி தண்ணீரில் சுற்றுகிறது. நீதானே சொன்னாய், தண்ணீரில் அளவு மீறினால் உருண்டை கட்டிக்கொண்டு எண்ணெயைத் தூக்கிக்கொண்டு போகும் என்று.

அதனால் குறைத்தேன். ஐந்து, நாலு, மூன்று. இரண்டரையில் நுரை அடங்கியது. முதலில் கலந்ததை ஒதுக்கிவிட்டு, மீதி எல்லா மண்ணுக்கும் இரண்டரைதான் போட்டேன். உன்னைக் கேட்கவில்லை. கேட்டுப் பதில் வர ஒரு வாரம் ஆகும், பள்ளம் சரிந்துகொண்டிருந்தது. நேற்று நிரப்பி முடித்தாயிற்று.

சரியா தப்பா என்று எழுது. தூக்கம் வரவில்லை.

அண்ணி


ஏப்ரல் 29

அன்புள்ள அண்ணிக்கு,

படித்ததும் கோபம் வந்தது. எனக்குச் சொல்லாமல் அளவை எப்படி மாற்றலாம் என்று நாலு வரி எழுதினேன். சொல்லாமல் செய்வதைப் பற்றி எழுத எனக்கு என்ன யோக்கியதை என்று தோன்றியது. கிழித்துப் போட்டுவிட்டு ஆய்வகத்துக்குப் போனேன்.

நீங்கள் வாங்கிய அதே களிமண்ணை, யாரையும் நம்பாமல், நேரே அந்தச் செங்கல் சூளைக்காரரிடமிருந்தே வரவழைத்தேன். பாதிக்கு மேல் மணல். நான் கணக்குப் போட்டது ஆய்வகத்து டப்பாவில் இருந்த சுத்தக் களிமண்ணுக்கு. மணலுக்கு இவ்வளவு திரவத்தைப் பிடித்துவைக்க இடம் ஏது?

இரண்டு குழாய் வைத்தேன். ஒன்றில் என் ஆறு லிட்டர் கணக்கு, ஒன்றில் உங்கள் இரண்டரை. என் குழாயில் இரண்டாம் நாளே கீழே நுரை வந்தது. நுரையோடு எண்ணெயும் வந்தது. உங்கள் குழாயில் இன்றைக்கு நாலாம் நாள். ஒன்றும் வரவில்லை.

அண்ணி, நான் சொன்னபடி நீங்கள் செய்திருந்தால் தையல்காரர் கிணறு இரண்டாம் தடவை கெட்டிருக்கும். நாலு டிரம் சோப்பு ஊற்றியதற்கு உங்களுக்குப் பாடம் எடுத்தேன். அதே தப்பைக் காகிதத்தில் எழுதி, ஆய்வக முத்திரை குத்தி, உங்களுக்கே அனுப்பியிருக்கிறேன். ஆனாலும் அந்த இரண்டு குழாயையும் பார்க்கப் பார்க்கச் சந்தோஷம் தாங்கவில்லை. எவ்வளவு பிடிக்கும், எதற்கு மேல் விட்டுவிடும் என்ற கோட்டை நான் ஒரு லட்சம் பெறுமானமுள்ள கருவியை வைத்துத் தேடுகிறேன். நீங்கள் பாட்டிலைக் குலுக்கிப் பிடித்துவிட்டீர்கள்.

அறிக்கையைத் திருத்தி வாரியத்துக்கு அனுப்பிவிட்டேன். தவறு என்னுடையது, திருத்தியது அண்ணி என்று தெளிவாக எழுதியிருக்கிறேன். நிம்மதியாகத் தூங்குங்கள். எனக்குத்தான் இனி மே பதினைந்து வரை தூக்கம் கிடையாது.

உங்கள் நாத்தனார்


மே 16

நாத்தனாருக்கு,

நீ ஃபோன் பண்ணியிருக்கலாம். நான்தான் பண்ணாதே என்று சொன்னேன், சரி. ஆனால் உன் அண்ணனுக்கு ஒரு நாளைக்கு ஏழு தடவை பண்ணி, "அண்ணிக்குத் தெரியாமச் சொல்லுண்ணா" என்று கேட்டது எனக்குத் தெரியும். அவர் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார்.

மே மாதம் முதல் தேதியிலிருந்து தையல்காரர் கிணற்றை வாரியத்து ஆட்கள் இறைத்தார்கள். ஊறி வந்த தண்ணீரை ஆறாம் தேதி ஒரு தடவை எடுத்தார்கள். அனுமதித்த அளவில் பாதி. நான் நம்பவில்லை. பன்னிரண்டாம் தேதி மறுபடி எடுத்தார்கள். அதற்கும் பாதி. நேற்று மதியம் அதிகாரி காகிதத்தோடு வந்தார். இனி மாதம் ஒரு தடவை வந்து பார்ப்பார்களாம், தொட்டியைத் தரைக்கு மேலே, கீழே கசிவைப் பிடிக்கத் தட்டு வைத்துத்தான் கட்ட வேண்டுமாம். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.

தையல்காரர் தானே வாளியை இறக்கினார். மொண்டு மோந்து பார்த்துவிட்டு மனைவியிடம் நீட்டினார். அவள் மோந்து பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. உன் அண்ணன் எனக்கு முன்னாலேயே அழுதுகொண்டிருந்தார்.

பிறகு அதிகாரி நோட்டீஸை எடுக்கிற படிவத்தை நீட்டினார். அதில் புகார் கொடுத்தவர் கையெழுத்து வேண்டுமாம். உன் புகாரைக் கோப்பிலிருந்து எடுத்து என் முன்னால் வைத்தார். நான் அதை இதுவரை பார்த்ததில்லை. எதிர்த்தரப்புக்கும் உங்களுக்கும் உறவு உண்டா என்று ஒரு கட்டம். நீ இல்லை என்று எழுதியிருக்கலாம், யார் கேட்கப் போகிறார்கள்? "என் அண்ணி" என்று எழுதியிருக்கிறாய். அதோடு விடாமல் ஓரத்தில் நுணுக்கி, "அவருக்குத் தொட்டி கசிவது தெரியாது. தெரிந்தால் அன்றைக்கே தானே இறங்கிச் சுத்தம் செய்யப் பார்ப்பார். யாராவது சரியான வழியைச் சொல்லிக்கொடுங்கள்" என்று எழுதியிருக்கிறாய். அதிகாரி அதைப் படித்துக் காட்டிவிட்டு, "சொல்லிக்கொடுக்கறதுக்குள்ள நீங்க நாலு டிரம் ஊத்திட்டீங்க" என்றார்.

இரண்டரை மாதமாக உன்னைத் திட்டியது போதும் என்று புகாரை மடித்துக் கொடுத்தேன்.

படிவத்தை உனக்குத் தபாலில் அனுப்பினால் போதும் என்றார் அதிகாரி. நம் வீட்டிலிருந்து உன் ஊருக்குத் தபால் போகாது என்று சொல்லிவிட்டேன். அவர் கையில் இருந்த கோப்பிலேயே, வாரியத்தில் காட்ட நான் கொடுத்த உன் கடிதங்கள் கட்டாக இருந்தன. அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், படிவத்தை என்னிடமே கொடுத்துவிட்டார்.

கதவில் நோட்டீஸ் இன்னும் இருக்கிறது. நீ நேரில் வந்து கையெழுத்துப் போட்டால்தான் கிழிப்பேன். ஆஸ்பத்திரியிலிருந்து நூற்று இருபது விரிப்பு வந்து வாசலில் மூட்டையாகக் கிடக்கிறது. சீக்கிரம் வா.

அண்ணி